மரணத்தின் நேரத்தைக் குறிப்பவர் யார்?

ஃபராயிள் எனப்படும் பாகப்பிரிவினைக் கலையைக் கற்பவர் முன் இப்படி ஒரு மஸ்அலாவை வைக்கலாம். ஒருவருக்கு இரண்டு ஆண் மக்கள். மனைவி முன்னரே இறந்துவிட்டார். வேறு வாரிசுகள் இல்லை. மூத்த மகனுக்கு மனைவியும் சிறு வயது ஆண் பிள்ளைகளும் உண்டு. சாலை விபத்தொன்றில் தந்தையும் மூத்த மகனும் படுகாயமுறுகின்றனர். திங்களன்று தந்தையின் மூளை முற்றிலும் செயலிழந்துவிட்டதென்று மருத்துவர் குழு எழுதிக் கையொப்பமிடுகிறது. எனினும் செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறது, இதயமும் துடிக்கிறது. செவ்வாயன்று மூத்த மகன் இதயத் துடிப்பு நின்று இறந்து போகிறார். புதனன்று தந்தையின் இதயமும் நின்றுவிடுகிறது. யாருக்கு யார் வாரிசு?

தந்தை திங்களன்றே இறந்துவிட்டார் என்று கொண்டால், அவருடைய சொத்தில் பாதி மூத்த மகனைச் சேரும். அவர் மறுநாள் இறந்ததால் அப்பாதி அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். தந்தை புதனன்றுதான் இறந்தார் என்று கொண்டால் கணக்கே மாறிவிடுகிறது. மூத்த மகனின் சொத்தில் ஆறில் ஒரு பங்கு தந்தைக்கு உரியதாகிறது. அதுவும் தந்தையின் சொத்து முழுவதும் இளைய மகன் ஒருவருக்கே சேர்கின்றன. மகன் உயிரோடிருக்கப் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கில்லை. ஆக, ஒரு விதவையும் சில அநாதைச் சிறுவர்களும் பாட்டன் சொத்தில் பாதியைப் பெறுவதா, ஒன்றுமே பெறாமல் போவதா என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாளில் எழுதப்பட்ட நாளும் நேரமும் என்ன பொருள்படுகின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது.

இதற்கு விடை கூறத்தக்கவர் யார்? பாகம் பிரிக்கும் கணக்கு ஆலிமுக்குத் தெரியும். மூளையின் நிலை அவருக்குத் தெரியாது. மூளையின் நிலை மருத்துவருக்குத் தெரியும். மூளை செயலிழந்தவரை ‘மய்யித்’ என்று ஷரீஅத் கொள்ளுமா என்பது அவருடைய கல்வியில் இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் முஸ்லிம் உலகில் மருத்துவரும் ஃபிக்ஹ் அறிஞரும் ஒரே அவையில் அமர வேண்டியதாயிற்று என்றால், அதற்குக் காரணம் இத்தகைய வினாக்களே.

இது புதுமையான ஏற்பாடு அன்று என்பதை முதலிற் கூறிவிட வேண்டும். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்து கொள்ளலாமா என்று அவர் தம் தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றனர் அவர்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, அத்தீர்ப்பை வழங்கியோரே அவரைக் கொன்றனர் எனுமளவிற்குக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் இச்செய்தியை நாம் தயம்மும் பாடத்தில் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். அத்தோழர்கள் சட்டத்தை அறியாதவர்கள் அல்லர். தண்ணீர் கிடைக்காதவனுக்குத்தான் தயம்மும் என்பதை அறிந்தே இருந்தனர். அவர்கள் அறியாதது அந்தக் காயத்தை. அதே அபூதாவூதில், நோயுற்ற ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களை ஹாரிஸ் இப்னு கலதா என்ற மருத்துவரிடம் போகுமாறு நபியவர்கள் பணித்த செய்தியும் உள்ளது.

உஸூலுல் ஃபிக்ஹ் அறிஞர்கள் இதற்கு இலக்கணமே வகுத்தனர். ஸ்பெயின் நாட்டு இமாம் ஷாத்திபி (ரஹ்) தமது ‘அல்முவாஃபகாத்’ நூலில் ‘தஹ்கீகுல் மனாத்’ பற்றிக் கூறுமிடத்தில், ஒரு சட்டத்தின் அடிப்படை குறிப்பிட்ட நிகழ்வில் இருக்கிறதா இல்லையா என்று கண்டறிவதற்கு அரபு இலக்கணமோ ஷரீஅத்தின் நோக்கங்கள் பற்றிய அறிவோ தேவையில்லை, அப்பொருளைப் பற்றிய அறிவே தேவை என்கிறார். நோன்பு நோயைக் கடுமையாக்குமா என்பது மருத்துவர் கூற வேண்டியது. கடுமையாக்கும் என்றால் நோன்பை விடலாமா என்பது ஃபகீஹ் கூற வேண்டியது. இந்தப் பிரிவினை எளிதாகத் தோன்றும். அது எங்கே சிக்கலாகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முற்காலத்தில் இரண்டு அறிவும் ஒருவரிடமே கூடியிருந்ததுண்டு. ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ எழுதிய காழி இப்னு ருஷ்துதான் ‘குல்லிய்யாத்’ என்ற மருத்துவ நூலையும் எழுதினார். நுரையீரல் வழியே குருதி சுற்றி வருவதை எடுத்துரைத்த இப்னுந் நஃபீஸ், கெய்ரோவில் ஷாஃபிஈ ஃபிக்ஹைக் கற்பித்தவர். அரசின் மேற்பார்வையும் இருந்தது. ஹிஜ்ரி 319இல் பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி இறந்தபோது, கலீஃபா முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித்திடம் தேர்வு பெறாத எவரும் மருத்துவம் பார்க்கலாகாதென்று ஆணையிட்டார். சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிபுக்காக எழுதப்பட்ட கையேடுகளில், கண் மருத்துவரை ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் நூலைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்ற விதி காணப்படுகிறது. நமது முன்னோரின் பெருமையைப் பேச இவ்வளவு போதும். அப்பெருமையைப் பேசியே பொழுதைக் கழித்துவிடுவது நம் ஏடுகளின் பழைய வழக்கம். இன்றைய வினாவை இப்னுந் நஃபீஸ் எதிர்கொள்ளவில்லை.

எதிர்கொள்ள வேண்டிய தேவை எப்போது வந்தது? மூச்சு நின்றால் சிறிது நேரத்தில் இதயமும் நின்றுவிடும், மூளையும் அழியும். மூன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே நிகழ்ந்த காலத்தில், எது மரணம் என்று பிரித்துக் கேட்க எவருக்கும் தேவை நேரவில்லை. செயற்கைச் சுவாசக் கருவி வந்த பின்னரே அவை பிரிந்தன. 1967 டிசம்பர் 3ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதன்முறையாக ஒரு மனிதரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தினார். மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மயக்கவியல் அறிஞர் ஹென்றி பீச்சர் தலைமையில் 13 பேர் கொண்ட குழு ஒன்று மூளைச்சாவுக்கான அளவுகோல்களை வெளியிட்டது. அக்குழுவில் மருத்துவர்களோடு சட்ட அறிஞர், இறையியலர், அறிவியல் வரலாற்றாசிரியர் ஆகியோரும் இருந்தனர். மரணத்தை வரையறுப்பது மருத்துவர்களால் மட்டும் இயலாதென்பதை மேலைநாட்டினரும் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

முஸ்லிம் உலகில் இம்முயற்சி குவைத்தில் உருப்பெற்றது. 1981இல் அங்குக் கூடிய இஸ்லாமிய மருத்துவ மாநாடு மருத்துவ ஒழுக்க ஆவணம் ஒன்றை வெளியிட்டது. தொடர்ந்து மருத்துவ அறிவியலுக்கான இஸ்லாமிய அமைப்பு நிறுவப்பட்டது. குவைத்தின் சுகாதார அமைச்சராயிருந்த டாக்டர் அப்துர் ரஹ்மான் அல்அவழி அதன் தலைவராயிருந்தார். மகப்பேற்று மருத்துவரும் எழுத்தாளருமான ஹஸ்ஸான் ஹத்ஹூத் அதன் சிந்தனையாளருள் முதன்மையானவர். 1983இல் இனப்பெருக்கம் பற்றிய கருத்தரங்கு நடந்தது. குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கி அமைக்கலாமா என்ற வினா அதில் எழுந்தது. பால்குடி உறவு உண்டாகாது என்று யூசுஃப் அல்கர்ளாவி அனுமதிக்கும் கருத்தை முன்வைத்தார். ஆனால் 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் மன்றம் அதை ஏற்கவில்லை. அத்தகைய வங்கிகளை முஸ்லிம் நாடுகளில் அமைக்கலாகாதென முடிவு செய்தது. ஓர் அவையில் கூறப்பட்டது மற்றோர் அவையில் உரசிப் பார்க்கப்படுவது இம்முறையின் நலன்களுள் ஒன்று.

மரணம் பற்றிய கருத்தரங்கு 1985 ஜனவரியில் குவைத்தில் நடந்தது. மனித வாழ்வின் தொடக்கமும் முடிவும் என்பது அதன் பொருள். நரம்பியல் வல்லுநர்கள் முதலில் விளக்கினர்: இதயம் நின்று மீண்டும் இயங்கலாம், இயக்கலாம், அறுவையின்போது அதை நிறுத்தி வைப்பதும் உண்டு. மூளையின் உயிரணுக்களோ சில நிமிடங்கள் குருதி பெறாவிடில் அழிந்து போகின்றன, அவை மீள்வதில்லை.

ஃபகீஹ்கள் தம் கிதாபுகளிலிருந்து ஒரு சொல்லை எடுத்தனர்: ‘ஹரகத்துல் மத்பூஹ்’. அறுக்கப்பட்ட பிராணியின் துடிப்பு என்பது பொருள். நமது அரபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் இமாம் நவவியின் (ரஹ்) ‘மின்ஹாஜ்’ நூலில், குற்றவியல் பாடத்தில் இது வருகிறது. ஒருவன் மற்றொருவனைத் தாக்கி, பார்வையும் பேச்சும் தன்விருப்பமான அசைவும் அற்ற நிலைக்குக் கொண்டு போய்விடுகிறான். பின்னர் வேறொருவன் வந்து கழுத்தை அறுக்கிறான். கொலையாளி முதலாமவனே. இரண்டாமவனுக்குக் கிடைப்பது தஃஸீர் தண்டனை மட்டும். அதாவது, உடலில் துடிப்பு எஞ்சியிருந்தும் அம்மனிதரை இறந்தவராகவே சட்டம் கருதிவிட்டது. மூளைச்சாவு அடைந்தவரின் இதயத் துடிப்பும் இத்தகையதுதான் என்று ஆதரித்தோர் ஒப்பிட்டனர். முஹம்மது நயீம் யாஸீன் போன்றோர் மற்றொரு வழியில் அதே முடிவுக்கு வந்தனர். உயிர் உடலை ஆள்வது மூளை என்ற கருவியின் மூலம். கருவி முற்றிலும் பழுதாகி, உயிரின் கட்டளைக்கு இணங்கும் தகுதியை இழந்துவிட்டால் உயிர் பிரிந்ததாகும் என்பது அவர்களின் கருத்து. கருவில் உயிர் ஊதப்படுவது 120 நாட்களுக்குப் பின் என்று பெரும்பாலோர் கொண்டிருக்க, கருவின் இதயமோ நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கிவிடுகிறது. எனவே இதயத் துடிப்பு இருப்பதே உயிர் இருப்பதற்குச் சான்றாகாது என்றும் வாதிடப்பட்டது. இது அழகிய வாதம்.

ஆனால் ‘மின்ஹாஜ்’ நூலை மூடிவிட வேண்டாம். அதே இடத்தில் அடுத்து வருவதையும் படிக்க வேண்டும். நோயாளி ஒருவர் சக்ராத் நிலையில், அறுக்கப்பட்ட பிராணிக்கு ஒப்பான வாழ்வோடு கிடக்கிறார். அவரை ஒருவன் கொன்றுவிட்டால் கிஸாஸ் கடமையாகும் என்கிறார் இமாம் அவர்கள். காயம்பட்டவனுக்கு ஒரு சட்டம், நோயுற்றவனுக்கு வேறொரு சட்டமா? உரையாசிரியர்கள் கூறும் காரணம் இதுதான்: காயம்பட்டவனின் மரணத்திற்குக் காரணம் கண்முன் உள்ளது, முடிவு உறுதி, நோயாளியோ அந்நிலையிலிருந்தும் மீள்வதுண்டு. ஆகவே முழு வினாவும் ‘யகீன்’ என்ற உறுதியின் மீது வந்து நிற்கிறது. உயிர் உறுதியாக இருந்தது. உறுதியானதை ஐயம் நீக்காது. மருத்துவம் தருவது உறுதியா, மிகையான ஊகமா? மறுத்தோரின் வாதம் அனைத்தும் இதிலிருந்தே எழுந்தது. குகைவாசிகள் உணர்வின்றி நெடுங்காலம் கிடந்தும் உயிரோடிருந்தனரே என்று அவர்களில் சிலர் எடுத்துக்காட்டினர். அந்த எடுத்துக்காட்டை வலுவானதென்று நான் கருதவில்லை. அற்புதத்தைக் கொண்டு அன்றாடச் சட்டத்தை அளக்க இயலாது. ஆனால் யகீன் பற்றிய வாதம் வலுவானது.

1986 அக்டோபரில் அம்மானில் கூடிய பன்னாட்டு ஃபிக்ஹ் மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. இதயமும் மூச்சும் முற்றாக நின்று, மீளாதென்று மருத்துவர் முடிவு செய்தல்; அல்லது மூளையின் எல்லாச் செயல்களும் முற்றாக நின்று, அது மீளாதென்றும் மூளை சிதையத் தொடங்கிவிட்டதென்றும் துறை வல்லுநர் முடிவு செய்தல்; இவ்விரண்டில் ஒன்று தெளிந்தால் அம்மனிதர் இறந்தவராவார், மரணத்துக்குரிய எல்லாச் சட்டங்களும் பொருந்தும். மறு ஆண்டு மக்காவில் கூடிய முஸ்லிம் உலக லீகின் ஃபிக்ஹ் மன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. மூன்று வல்லுநர்கள் மூளை முற்றிலும் செயலிழந்ததை உறுதி செய்தால் கருவியை எடுத்துவிடலாம். ஆனால் கருவியை எடுத்த பின் மூச்சும் இதயமும் முற்றாக நிற்கும்வரை மரணம் நிகழ்ந்ததாக ஷரீஅத் கொள்ளாது.

நாம் தொடக்கத்தில் கண்ட மஸ்அலாவுக்கு இப்போது இரண்டு விடைகள் உள்ளன. அம்மான் தீர்மானப்படி அநாதைச் சிறுவர்களுக்குப் பங்குண்டு. மக்கா தீர்மானப்படி இல்லை. பாகம் பிரிப்போர் நடைமுறையில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இளைய மகன் வயது வந்தவர். தம் பங்கிலிருந்து அண்ணன் பிள்ளைகளுக்கு மனமுவந்து விட்டுக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. சிறுவர்களின் பொறுப்பாளரோ அவர்களுக்கு உரியதாக இருக்கக்கூடிய ஒன்றை விட்டுக்கொடுக்க முடியாது. எனவே சமரசம் எந்தத் திசையில் போகலாம், எந்தத் திசையில் போகலாகாது என்பது தெளிவு. முடிவு செய்வதற்கு முன் மருத்துவமனையிலிருந்து நேரம் குறித்த ஆவணத்தை வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும். சம்பந்தப்பட்ட குடும்பத்தார் அதைக் கேட்டு வாங்குவதில்லை. பாகம் பிரிக்கும் நாமும் கேட்பதில்லை.

ஒரே மருத்துவ விளக்கத்தைக் கேட்ட இரண்டு அவைகள் எவ்வாறு வேறுபட்டன? இங்கேதான் ஷாத்திபியின் பிரிவினை சிக்கலாகிறது. மூளை இயங்குகிறதா என்பது மருத்துவர் துறை. இயங்காத மூளை மரணமா என்பது மருத்துவமும் அன்று, தூய ஃபிக்ஹும் அன்று. மனிதன் என்றால் என்ன என்ற கேள்வியின் ஒரு பகுதி அது. மருத்துவர் ‘இறந்துவிட்டார்’ என்று கூறும்போது, அவர் ஓர் உண்மையை அறிவிப்பதோடு ஒரு தீர்ப்பையும் கலந்தே தருகிறார். அக்கலவையைப் பிரித்தறிவது ஃபகீஹின் பொறுப்பு. அதேபோல், ஃபகீஹ் ‘மூளை சிதையத் தொடங்கியிருக்க வேண்டும்’ என்று நிபந்தனையிடும்போது, நோயாளியின் படுக்கையருகே சோதிக்க முடியாத ஒன்றைக் கேட்கிறார் என்பதை மருத்துவர் அவருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவர்கள் சோதிப்பது மூளையின் செயலை, சிதைவை அல்ல. அம்மான் தீர்மானத்தின் அச்சொற்கள் இன்றளவும் அவ்வாறே மேற்கோள் காட்டப்படுகின்றன.

நம் நாட்டு நிலையைப் பார்ப்போம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணமாக ஏற்கிறது. நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பை எடுத்துப் பொருத்தும் மருத்துவர் அக்குழுவில் இருக்கலாகாது. இவ்விலக்கு நம் சாட்சியச் சட்டத்தின் உணர்வுக்கு மிக நெருங்கியது. தனக்கு ஆதாயமுள்ள வழக்கில் ஒருவர் சாட்சியாக இருக்க முடியாதல்லவா? ஆனால் அம்மான் தீர்மானம் பேசுவது மூளையின் எல்லாச் செயல்களையும் பற்றி. இந்தியச் சட்டம் பேசுவது மூளைத்தண்டைப் பற்றி. பிரிட்டன் 1976 முதல் மூளைத்தண்டு அளவுகோலையும், அமெரிக்கா முழுமூளை அளவுகோலையும் பின்பற்றி வருகின்றன. மூச்சும் விழிப்பும் தண்டைச் சார்ந்தவை. அது அழிந்தால் மற்றவை மீள வழியில்லை என்பது முதல் தரப்பின் விளக்கம். எனினும் மூளைச்சாவு என்று சான்றளிக்கப்பட்ட சிலரிடம், உடலின் நீர்ச் சமநிலையைக் காக்கும் சுரப்பு தொடர்ந்ததும் அறியப்பட்டுள்ளது. கருவுற்றிருந்த பெண்கள் மூளைச்சாவுக்குப் பின் கருவியின் துணையோடு பல வாரங்கள் பேணப்பட்டு, உயிருள்ள குழந்தைகள் எடுக்கப்பட்டதும் உண்டு. அம்மான் தீர்மானத்தை எடுத்துக்காட்டி இந்தியச் சான்றிதழுக்கு ஃபத்வா தருபவர் இந்த இடைவெளியை அறிந்திருக்க வேண்டும்.

பாம்புக்கடி பற்றியும் ஒரு சொல். கட்டுவிரியனும் நல்லபாம்பும் தீண்டியவர்க்கு நரம்புகளின் வழியே தசைகள் செயலிழக்கின்றன. கண் திறவாது, கருவிழி அசையாது, மூச்சு நிற்கும். பார்ப்பவருக்கு மூளை இறந்தவர் போலவே தோன்றும். ஆனால் மூளைக்கு ஒன்றும் நேர்ந்திராது. கருவியின் துணையோடு சில நாட்கள் காத்திருந்தால் எழுந்து வந்துவிடுவார். அத்தகையோர் பற்றி நம் நாட்டு மருத்துவர்கள் பலமுறை எழுதியுள்ளனர். எனவேதான், நஞ்சு, மயக்க மருந்து, உடல் குளிர்ந்து போதல் ஆகியவை காரணமில்லை என்று முதலில் தெளிந்த பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும் என்பது மருத்துவ விதி. மின்ஹாஜின் உரையாசிரியர்கள் ‘நோயாளி மீள்வதுண்டு’ என்று தயங்கியது எத்துணைப் பொருத்தம்! ஃபகீஹ் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி ‘இறந்துவிட்டாரா’ என்பதன்று. ‘காரணம் என்னவென்று அறிவீர்களா, மீளக்கூடிய காரணங்களை நீக்கிப் பார்த்தீர்களா’ என்பதே.

இந்தியாவில் இத்தகைய கூட்டாய்வுக்கு வழி திறந்தவர் காழி முஜாஹிதுல் இஸ்லாம் காஸிமி (ரஹ்). அவர் நிறுவிய இந்திய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் முதற் கருத்தரங்கு 1989இல் தில்லியில் நடைபெற்றபோது, உறுப்பு மாற்று அதன் பொருள்களுள் ஒன்றாயிருந்தது. நாடெங்குமுள்ள முஃப்திகளுக்கு வினாநிரல் அனுப்பிக் கட்டுரைகள் பெறுவதும், துறை வல்லுநரை அழைத்து விளக்கம் கேட்பதும், பின்னர் விவாதித்துத் தீர்மானிப்பதும் அதன் முறை. அத்தீர்மானங்கள் உர்தூவில் வெளிவருகின்றன. தமிழில் ஓதும் நம் மாணவர்க்கு அவை எட்டுவது அரிதாகவே உள்ளது.

மற்றொரு வாயிலும் திறந்தே இருக்கிறது. மனிதர் மீது நடத்தப்படும் மருத்துவ ஆய்வுகளை ஆராய்ந்து இசைவளிக்கும் நெறிமுறைக் குழுக்களில் மருத்துவரோடு சட்ட அறிஞரும், பொதுமக்களுள் ஒருவரும், சமூக அறிவியலரோ மெய்யியலரோ சமயவியலரோ ஒருவரும் இருக்க வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் கூறுகின்றன. சமயவியலர் என்ற சொல்லில் ஆலிமும் அடங்குவார். அங்கே அவர் ஃபத்வா வழங்கப் போவதில்லை. நோயாளியிடம் கையொப்பம் பெறும் தமிழ்த் தாள் நோயாளிக்கு விளங்குமா என்று படித்துப் பார்ப்பார். குருதி உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவதென்பதைத் தாளில் குறித்தீர்களா என்று கேட்பார். அம்மருந்தை நெருக்கடியில் கொடுக்கலாமா என்பது வேறு. நோயாளி அறியாமல் கொடுக்கலாமா என்பது வேறு. இக்கேள்விகளைக் கேட்க அவர் மருத்துவரின் மொழியைச் சிறிதளவேனும் அறிந்திருக்க வேண்டும். ஜனாயிஸ் பாடம் நடத்தும் நாம், மரணத்தின் அடையாளங்களாகக் கால்கள் தளர்வதையும், மூக்கு சாய்வதையும், நெற்றிப் பொட்டு குழிவதையும் ஓதிக் கொடுக்கிறோம். ஆண்டுக்கு ஒருநாள் ஒரு மருத்துவரை அழைத்து, கருவி பொருத்தப்பட்டவரிடம் இவ்வடையாளங்கள் எவ்வாறிருக்கும் என்று கேட்டால் பாடத்திட்டம் கெட்டுவிடாது.

இதுவரை கூறியது மருத்துவரும் ஆலிமும் பற்றியே. இவ்விருவர் மட்டும் போதார் என்பதை மேற்கு ஆப்பிரிக்கா காட்டியது. 2014இல் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய நாடுகளில் எபோலா நோய் பரவி, 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. எபோலாவால் இறந்தவரின் உடல் கடும் தொற்றுடையது. மய்யித்தைக் குளிப்பாட்டியோரும் தொட்டோரும் நோயுற்றனர். அதிகாரிகள் உடல்களைப் பையிலிட்டு எடுத்துச் சென்றனர். லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் எரிக்கவும் ஆணையிட்டனர். மக்கள் நோயாளிகளை மறைக்கத் தொடங்கினர். இரவில் இரகசியமாக அடக்கினர். நோய் மேலும் பரவியது. அடக்கம் அம்மக்களுக்கு என்ன பொருள்படுகிறது என்பதை மானுடவியலாளர் விளக்கிய பின்னரே நிலை மாறியது. மருத்துவ வல்லுநர், மானுடவியலாளர், முஸ்லிம், கிறிஸ்தவ அமைப்பினர் ஆகியோருடன் கலந்து உலகச் சுகாதார நிறுவனம் 2014 இறுதியில் பாதுகாப்பும் கண்ணியமும் கூடிய அடக்கத்திற்கான நெறிமுறையை வெளியிட்டது. முஸ்லிம்களின் மய்யித்துக்குக் குளிப்பாட்டலுக்குப் பதில் தயம்மும், வெள்ளைக் கபன், தொழுகை, குடும்பத்தார் சற்று விலகி நின்று காணும் வாய்ப்பு ஆகியவை அதில் இடம்பெற்றன. குளிப்பாட்ட இயலாத மய்யித்துக்குத் தயம்மும் செய்விக்க வேண்டுமென்பது நம் ஷாஃபிஈ கிதாபுகளில் நெடுங்காலமாக இருக்கும் சட்டமே. அது கிதாபில் இருந்தது. தொற்றுநோய் வல்லுநருக்கு அதைச் சொல்ல ஆள் அவையில் இல்லை. ஆள் வந்தபின் வழி பிறந்தது.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. கோவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரிக்க வேண்டுமென்று 2020 ஏப்ரலில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், நிலத்தடி நீர் மாசுறும் என்ற காரணம் முன்வைக்கப்பட்டது. அந்நாட்டுச் சமூக மருத்துவ வல்லுநர் அமைப்பே அடக்கத்தால் கேடில்லை என்று தெரிவித்தும் ஆணை மாறவில்லை. பிறந்து இருபது நாட்களேயான குழந்தையின் உடலும் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாக எரிக்கப்பட்டது. எரிந்த உடலுக்குக் குளிப்பாட்டலுமில்லை, கபனுமில்லை. மக்கள் தகன மேடையின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டி வைத்தனர். 2021 பிப்ரவரியில் அடக்கத்திற்கு அனுமதி கிடைத்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் உடல்கள் அவ்வளவு தொலைவு கொண்டு செல்லப்பட்டு, மற்றச் சமயத்தார் சிலர் உட்பட மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். 2024 ஜூலையில், நீர்வழி தொற்று பரவுவதில்லை என்ற ஆய்வைச் சுட்டி, இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. எரிக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஸியாரத் செய்யக் கப்ரு இல்லை.